‘இதை யார் எழுதிக் கொடுத்தது?’ என்று வகுப்பில் கேட்டுவிட்டேன்

தென்மாவட்டம் ஒன்றில் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தும் முதுகலை ஆசிரியை ஒருவர், இருபக்கமும் எழுதிய நான்கு தாள்களை அனுப்பியிருக்கிறார். ஊர், பெயர் என ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 51. பணியில் சேர்ந்து 24 ஆண்டுகள் ஆகின்றன. பிளஸ் ஒன் ஆங்கில வழிப் பிரிவுக்கு ‘என் தெருவில் கொசு எங்கே பிறக்கிறது?’ என்று ஓர் ஒப்படைப்பு கொடுத்தார். வந்த கட்டுரைகளில் பாதி, அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இருந்தன. ‘டெங்கு உலகையே அச்சுறுத்துகிறது’ என்று ஆரம்பித்து ‘ஒன்றுபட்டு ஒழிப்போம்’ என்று முடிந்தன. ஒரு தெருவின் பெயர்கூட எதிலும் இல்லை. கோபம் வந்துவிட்டது. ஏஐ எழுதியதைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் ஓர் இலவச இணையதளத்தை இளம் ஆசிரியர் ஒருவர் காட்டியிருந்தார். அதில் கட்டுரைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒரு பையனின் கட்டுரைக்கு 92 சதவீதம் என்று வந்தது.

மறுநாள் அவனை எழுப்பி நிறுத்தி, “இதை யார் எழுதிக் கொடுத்தது?” என்று கேட்டார். “நான்தான் டீச்சர்” என்றான். இரண்டாவது தடவை கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான். வகுப்பு சிரித்தது. அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் கை வைப்பேன் என்றும் சொல்லிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்துப் பையனின் அம்மா வந்து, ஒன்றும் பேசாமல் ஒரு ரஃப் நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் பென்சிலில் ஏழு பக்கம், தமிழில். தெருவில் எட்டு இடங்களைப் பார்த்து எழுதியிருந்தான்: பஞ்சர் கடை டயர், உபயோகத்தில் இல்லாத ஆட்டுரல், சிரட்டை, பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு. எந்தெந்த நாளில் எதில் புழு இருந்தது என்று கட்டம் போட்ட கணக்கு. கல்லூரியில் படிக்கும் அக்கா அதை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு ஆங்கிலமாக்கித் திருத்திக் கொடுத்திருக்கிறாள். “டவுட்டையெல்லாம் அசைன்மென்ட்ல எழுதாதே” என்று கடைசிப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டாள். அந்தப் பக்கத்தில் அவனுடைய கேள்வி ஒன்று இருந்தது: ‘வெயில் காலத்தில் டயர் காய்ந்தே கிடந்தது. மழை பெய்து இரண்டு நாளில் புழு எங்கிருந்து வந்தது?’

இப்போது அந்தப் பையன் கடைசி பெஞ்சில் உட்காருகிறான். கேட்டால் எழுந்து நிற்கிறான், வாய் திறப்பதில்லை. நோட்டு ஆசிரியையின் கைப்பையில் இருக்கிறது. தூக்கம் சரியில்லை. கடிதத்தின் கடைசியில் அவர் கேட்பவை நான்கு. ஏஐ எழுதியதை உறுதியாகக் கண்டுபிடிக்க நல்ல கருவி எது? இந்தப் பிள்ளைகளுக்குத் தொழில்நுட்பம் எல்லாம் தெரிகிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இனி நான் எதைச் சொல்லிக் கொடுப்பது? “எல்லாம் ஏஐ சொல்லுதே, நாங்க ஏன் டீச்சர் படிக்கணும்?” என்று கேட்கிறார்களே, என்ன பதில் சொல்ல? விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போய்விடட்டுமா?

டீச்சர், நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப்போவதில்லை. நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

முதலில் அந்த நோட்டு

பையனிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவே இல்லை. ஆனால் நான்கு தாளிலும் அவன்தான் இருக்கிறான். நீங்கள் கேட்ட நான்கு கேள்விகளும் ஆற அமர யோசிக்கக் கூடியவை. இது இந்த வாரமே செய்ய வேண்டியது.

அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். முதலில் தனியாக. ஆய்வகத்திலோ வராந்தாவிலோ, ஸ்டாஃப் ரூமில் வேண்டாம். “உன் நோட்டைப் படித்தேன். நீயே எழுதியதை நம்பாமல் எல்லார் முன்னாடியும் நிற்க வைத்துவிட்டேன். தப்பு என்னுடையது.” இவ்வளவு போதும். “ஆனா நீயும் மொழிபெயர்ப்பு பண்ணினதைச் சொல்லியிருக்கலாம்” என்று ஒரு வால் ஒட்டினீர்களானால் முன்னால் சொன்ன அத்தனையும் அவன் காதில் விழாமல் போய்விடும். செயலியில் போட்டதை அடிக்குறிப்பாக எழுத வேண்டும் என்பதை எல்லா மாணவர்களுக்கும் பொதுவாக, வேறொரு நாள் சொல்லிக்கொள்ளலாம்.

பிறகு வகுப்பு முன்னால். அவமானம் வகுப்பில் நடந்தது, அதனால் அதைத் துடைப்பதும் வகுப்பில்தான் நடக்க வேண்டும். ஆனால் அதற்கு முன் அவனிடம் கேளுங்கள்: “நான் இதை கிளாஸ்ல சொல்லலாமா?” சில பிள்ளைகளுக்கு மறுபடியும் எல்லோரும் தன்னைத் திரும்பிப் பார்ப்பதே தண்டனை மாதிரி இருக்கும். அவன் வேண்டாம் என்றால், பெயர் சொல்லாமல், “நான் ஒரு இணையதளத்தை நம்பி ஒருத்தரைத் தப்பாகச் சந்தேகப்பட்டேன்” என்று மட்டும் சொல்லுங்கள். யாரைச் சொல்கிறீர்கள் என்று வகுப்புக்குத் தெரியும். அகமதிப்பீட்டு மதிப்பெண் விஷயத்தையும் அப்போதே தெளிவாக்கிவிடுங்கள். பத்து மதிப்பெண் என்றாலும், அதைப் பிடித்துவைப்போம் என்று பயமுறுத்தியது அவன் மனதில் கிடக்கும்.

மரியாதை போய்விடுமே என்று தோன்றலாம். நானும் வகுப்பில் நின்று பாடம் எடுத்தவள்தான், அந்தப் பயம் எனக்குத் தெரியும். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளைகள் ஆசிரியரிடம் தேடுவது நியாயத்தைத்தான். நீங்கள் தப்பே செய்யாதவர் என்று அவர்கள் எப்போதும் நினைத்ததில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. இந்தப் பையன் அந்த வயதைத் தாண்டியவன். ஆனாலும் ஒரு பெற்றோர் புகார் கொடுக்க நினைத்தால் வழிகள் உண்டு. அந்த அம்மா அதைச் செய்யவில்லை. நோட்டைக் கொண்டுவந்து உங்கள் கையில் கொடுத்தார். அவரையும் ஒருநாள் வரச்சொல்லி, உட்காரவைத்துப் பேசுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். மன்னிப்புக் கேட்ட பிறகும் அவன் மௌனம் நீடித்தால், லீவு கூடினால், சாப்பாடு தூக்கம் கெட்டிருக்கிறது என்று வீட்டில் சொன்னால், தள்ளிப்போடாதீர்கள். பள்ளிக் கல்வித் துறையின் வழிகாட்டி எண் 14417. மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416. இரண்டாவது எண் உங்களுக்கும்தான், தூக்கம் வராத இரவுகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே.

அந்த 92 சதவீதம்

நல்ல கருவி எது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு மாணவனைக் குற்றவாளியாக்கும் அளவுக்கு நம்பக்கூடிய கருவி எதுவும் இல்லை. இதைச் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் அனுபவத்திலிருந்தே சொல்லலாம். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்தது. பள்ளிகள் பதறியதும் 2023 ஜனவரியில், ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை அதே நிறுவனம் வெளியிட்டது. அவர்கள் சோதனையிலேயே அது ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் சரியாகச் சொன்னது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை ஏஐ எழுதியது என்றது. துல்லியம் போதவில்லை என்று அந்த ஜூலையிலேயே அதை எடுத்துவிட்டார்கள்.

நம் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2023இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியில்லாதவர்கள், ஆங்கிலத் திறனை அளக்கும் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகளை ‘ஏஐ எழுதியது’ என்று அவை தப்பாகச் சொல்லின. அமெரிக்க மாணவர்கள் எழுதியவற்றில் அப்படி நடக்கவில்லை. காரணம் எளிது. அடுத்து எந்தச் சொல் வரும் என்று சுலபமாக ஊகிக்க முடிகிற எழுத்தை இந்தக் கருவிகள் இயந்திர எழுத்து என்று நினைக்கின்றன. தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில், பழகிய சொற்களை வைத்து, இலக்கணம் தப்பிவிடக் கூடாதே என்று பயந்து பயந்து எழுதும் பிள்ளையின் எழுத்து அப்படித்தானே இருக்கும்? உங்கள் பையனின் கட்டுரை மொழிபெயர்ப்புச் செயலி வழியாக வேறு வந்திருக்கிறது. இயந்திரத்தின் வாடை அதில் இருக்கத்தான் செய்யும். ஆனால் டயரைக் குனிந்து பார்த்தது அவன்தான்.

இன்னொன்றும் மென்மையாகச் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். மாணவர்களின் கட்டுரைகளைப் பெயரோடும் வகுப்போடும், யார் நடத்துகிறார்கள் என்று தெரியாத இலவசத் தளத்தில் ஏற்றியிருக்கிறீர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர்கள் எல்லோரும் குழந்தைகள். அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்பது அதன் அடிப்படை. சட்டத்தின் நுணுக்கங்கள் ஒருபுறம் இருக்கட்டும். நம் பிள்ளைகளின் பெயர் எங்கோ ஒரு கணினியில் தங்குவது நமக்கே பிடிக்காத விஷயம். இனி எந்தத் தளத்திலும் மாணவர் பெயரைப் போடாதீர்கள். மாணவர்களைத் தனித்தனியே கணக்குத் திறக்கவும் சொல்லாதீர்கள். சாட்ஜிபிடியின் விதிப்படியே 13 வயதுக்குக் கீழே அனுமதியில்லை, 18 வரை பெற்றோர் அனுமதி வேண்டும். வகுப்பில் காட்டவேண்டுமென்றால் பள்ளியின் கணினி ஆய்வகமான ஹைடெக் லேபில் உங்கள் கணக்கில், ஒரே திரையில் காட்டினால் போதும்.

காப்பியடித்த மீதிப் பாதி

அப்படியானால் மெய்யாகவே ஏஐயிடம் எழுதி வாங்கிய அந்தப் பாதி வகுப்பை என்ன செய்வது? தடை போடலாமா? நியூயார்க் நகரப் பள்ளிகள் 2023 ஜனவரியில் சாட்ஜிபிடியைத் தடுத்தன. மே மாதமே தடையை எடுத்தன. பள்ளி வலையில் பூட்டினாலும் பையில் இருக்கும் போனில் திறந்துதான் இருக்கிறது.

தடை வேண்டாம் என்பதால் தாராளமாக விட்டுவிடுங்கள் என்று அர்த்தமில்லை. துருக்கியில் 9 முதல் 11ஆம் வகுப்பு வரை சுமார் ஆயிரம் மாணவர்களை வைத்துக் கணிதத்தில் ஓர் ஆய்வு நடந்தது, 2024இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்குச் சாதாரண ஏஐ அரட்டைப் பெட்டி. அவர்களுடைய பயிற்சி மதிப்பெண் 48 சதவீதம் கூடியது. பிறகு அதைப் பிடுங்கிக்கொண்டு பரீட்சை வைத்தார்கள். ஏஐயைத் தொடவே தொடாத மாணவர்களைவிட இந்தக் குழு 17 சதவீதம் குறைவாக வாங்கியது. இன்னொரு குழுவுக்கு, விடையைச் சொல்லாமல் துப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்கள் சேர்ந்து வடிவமைத்த ஏஐயைக் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பயிற்சியில் 127 சதவீத உயர்வு. பரீட்சையில் அந்தச் சறுக்கலும் இல்லை. இரண்டு குழுவிடமும் இருந்தது கிட்டத்தட்ட ஒரே இயந்திரம்தான். நடுவே ஓர் ஆசிரியரின் யோசனை இருந்ததா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

நீங்கள் கொடுத்த தலைப்பு அருமையானது, டீச்சர். எந்த ஏஐ அரட்டைப் பெட்டியும் உங்கள் மாணவனின் தெருவைப் பார்த்ததில்லை. இந்த வார்த்தைக்குப் பின் எந்த வார்த்தை வரக்கூடும் என்று, படித்த கோடிக்கணக்கான பக்கங்களை வைத்துக் கோப்பதுதான் அதன் வேலை. ஆசிரியர் பயிற்சி ஒன்றில் நாற்பது பேர் முன்னால், பக்கத்துக் கண்மாயை யார் வெட்டியது என்று அதனிடம் கேட்டோம். ராஜா பெயர், ஆண்டு எல்லாம் போட்டு அழகாகப் பதில் வந்தது. பின்வரிசையில் இருந்த ஒரு வரலாற்று ஆசிரியர் எழுந்து, “மடைக் கல்வெட்டுல வேற பேரு இருக்குங்க” என்றார். அந்த அறை அன்று விழித்துக்கொண்ட மாதிரி அதற்குப் பிறகு எந்தப் பயிற்சியிலும் நான் பார்க்கவில்லை.

ஆக, தலைப்பில் குறையில்லை, நீங்கள் மதிப்பெண் கொடுத்த இடத்தில்தான் குறை. கடைசியில் வந்த நாலு பக்க ஆங்கிலத்துக்கு மதிப்பெண் கொடுத்தீர்கள். அது இன்று இனாமாகக் கிடைக்கிற பொருள். ரஃப் நோட்டுக்குக் கொடுங்கள். எந்தத் தேதியில் எங்கே பார்த்தான், எத்தனை புழு, முதலில் என்ன நினைத்தான், பிறகு ஏன் மாற்றிக்கொண்டான். பத்துக்கு ஆறு அந்த நோட்டுக்கு, இரண்டு மதிப்பெண் மூன்று நிமிடம் எதிரில் நின்று பேசுவதற்கு, மீதி இரண்டு கட்டுரைக்கு. தமிழில் எழுதி மொழிபெயர்த்தால் தமிழ்ப் பிரதியையும் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் மூன்று பீரியடு போகும். போகட்டும். ஒரே மாதிரியான நாற்பது கட்டுரைகளைத் திருத்தும் இரவுகளைவிட அது லாபம்.

ஒரு பாடத்தை இப்படி நடத்திப் பாருங்கள். ஓர் அகலவாய் பாட்டிலில் தண்ணீரோடு கொசுப்புழுவைப் பிடித்து வரச் சொல்லுங்கள். வாயில் வலைத் துணி கட்டியிருக்கவேண்டும். நான்கைந்து நாளுக்குள் கொதிநீர் ஊற்றிக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாமே கொசுவை வளர்த்துவிட்டவர்கள் ஆவோம். திரையில் ஏஐயிடம் கேளுங்கள்: ‘இந்தப் புழு டெங்குக் கொசுவா, மலேரியாக் கொசுவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?’ பதில் வரும். அதை யாரும் உடனே நம்பக் கூடாது. ஒவ்வொருவராக வந்து பாட்டிலைப் பக்கவாட்டில் பார்க்கட்டும். நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்துக் கிடந்தால் மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ். தலைகீழாகச் சாய்ந்து, வால் பக்கத்துக் குழலை மட்டும் மேலே நீட்டித் தொங்கினால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸோ, இன்னொரு வகையான கியூலெக்ஸோ. குழல் குட்டையா நீளமா என்று அதற்கப்புறம் லென்ஸில். திரை சொன்னதில் எது சரி, எது அரைகுறை, எது இந்தப் பாட்டிலுக்குப் பொருந்தவில்லை என்று பலகையில் மூன்று பத்தியாக எழுதச் செய்யுங்கள். வரும் காலத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது என்று பெரிய பெரிய மேடைகளில் பேசுகிறார்களே, ஒரு பதிலை எடுத்துக்கொண்டு போய்ப் பொருளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இந்த வேலையைத்தான் நான் அப்படிப் புரிந்துகொள்கிறேன். இதற்கு விலங்கியல் தெரிந்த ஆசிரியர் வேண்டும்.

‘பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும்’

தெரியாது, டீச்சர். விரல் வேகமாக ஓடுவதைப் பார்த்து நாம் ஏமாறுகிறோம். கிராமப்புறத்தில் 14 முதல் 16 வயதுள்ளவர்களிடம் எடுத்த 2024 அசர் (கல்வி நிலையை அளக்கும்) கணக்கெடுப்பில், 82 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட்போனை இயக்கத் தெரிந்திருந்தது. முந்தைய வாரத்தில் சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். படிப்பு சம்பந்தமாக ஏதாவது செய்தவர்கள் 57 சதவீதம். போனைத் திறக்கத் தெரிவது வேறு, அதில் வருவதை எடைபோடத் தெரிவது வேறு.

பக்கத்து சிபிஎஸ்இ பள்ளியில் ஏஐ ஒரு பாடமாகவே இருக்கிறது, நம் பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்கள் என்றும் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். 2019-20 கல்வியாண்டிலேயே சிபிஎஸ்இ 9ஆம் வகுப்பில் அதைக் கொண்டுவந்தது உண்மைதான். வாய்ப்பு வந்தால் நம் பிள்ளைகளும் கட்டாயம் படிக்க வேண்டும். அவர்களுக்குக் கணினியும் இணையமும் கிடைக்கவேண்டும் என்பதில் எனக்கு இரண்டு எண்ணம் கிடையாது. ஆனால் பெட்டி வந்துவிட்டால் படிப்பு வந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். பெரு நாடு லட்சக்கணக்கான மடிக்கணினிகளைப் பிள்ளைகளுக்கு வழங்கியது. கிராமப்புறத்தில் 319 பள்ளிகளை ஆராய்ந்து 2012இல் வெளியான முடிவு: கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் கூடவில்லை. கருவி கையில் இருந்தது, அதை வைத்து வகுப்பில் என்ன செய்வது என்று ஆசிரியர்களுக்குப் போதுமான அளவு சொல்லித்தரப்படவில்லை.

அதேபோல, ஆசிரியர்களுக்கு ஏஐ பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று யுனெஸ்கோ 2024 செப்டம்பரில் ஒரு சட்டகம் வெளியிட்டது. அதில் ஐந்து பகுதிகள். முதலாவது, மனிதரை மையமாக வைத்து யோசிப்பது. இரண்டாவது அறநெறி. ஏஐயின் அடிப்படையும் பயன்பாடும் மூன்றாவதாகத்தான் வருகிறது. முதல் இரண்டிலும் 24 வருட அனுபவம் உங்களுக்கு இருக்கிறது. மூன்றாவதற்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், இந்தப் பருவம் முடிவதற்குள் பழகிவிடும். அந்த இளம் ஆசிரியரையே கூப்பிடுங்கள். ஐந்து நிமிடத்தில் பாடக்குறிப்பு எடுக்கிறார் என்று எழுதினீர்களே, அவர் எடுத்துத் தரட்டும், அதில் எங்கே தப்பு என்று நீங்கள் சிவப்பு மையில் காட்டுங்கள். தமிழ் வழிக்குக் கேட்டால் நம் பாடநூலில் இல்லாத கலைச்சொற்களைப் போட்டு வைக்கும், பாருங்கள். இருவருக்கும் படிப்பு.

‘நாங்க ஏன் படிக்கணும்?’

இந்தக் கேள்வியை அதிகப்பிரசங்கித்தனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பயத்தில் கேட்கிறார்கள். அண்ணன் என்ஜினீயரிங் முடித்து வீட்டில் இருப்பதைப் பார்க்கிறார்கள், வேலையெல்லாம் இயந்திரம் பார்க்கும் என்று யூடியூபில் கேட்கிறார்கள்.

நேர்மையாகச் சொல்லுங்கள். எந்த வேலை இருக்கும், எது போகும் என்று யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. உலகப் பொருளாதார மன்றம் 2025இல் நிறுவனங்களிடம் கேட்டுத் தொகுத்த அறிக்கையில், வேலைக்கு வேண்டிய முக்கியத் திறன்களில் 39 சதவீதம் 2030க்குள் மாறும் என்று முதலாளிகள் எதிர்பார்க்கிறார்கள். அதே நிறுவனங்கள் மிக அவசியம் என்று முதலிடத்தில் வைத்த திறன் நிரலெழுதுவது அல்ல, பகுத்து ஆராய்வது. அதனால் எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுங்கள் என்று தள்ளிவிட வேண்டாம். செவிலியர் படிப்போ, மீன்வளமோ, வேளாண்மையோ, எதுவானாலும் அங்கே ஏஐ வந்து நிற்கும். அது சொல்வது சரியா என்று பார்க்கத் தெரிந்தவருக்கு அது உதவியாள். தெரியாதவருக்கு அது சொன்னதே வேதம்.

இதையே பிரசங்கமாகச் செய்யாமல், பாட்டிலைக் கையில் கொடுத்து, “திரை சொல்றது சரியான்னு நீ சொல்லு” என்று கேட்டுவிடுங்கள். படிக்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது என்பது அவர்களுக்கே புரியும்.

விருப்ப ஓய்வு

இது உங்கள் உரிமை. உடல்நலமோ குடும்ப நிலைமையோ காரணம் என்றால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் கடிதத்தில் அப்படி ஒரு காரணம் இல்லை. ஒரு பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, ஓர் இயந்திரம் என்னைவிட வேகமாக எழுதுகிறது, இரண்டும்தான் இருக்கின்றன. முதலாவது காரணம் இந்த வாரமே சரியாகலாம். இரண்டாவது ஓய்வு பெற்றாலும் கூடவே வரும்.

பணக்கணக்கையும் பாருங்கள். ஓய்வு வயது 60. உங்களுக்கு இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருக்கின்றன. 2003 ஏப்ரல் 1க்கு முன்பே சேர்ந்தவர் என்பதால் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பீர்கள். தகுதியான பணிக்காலம் குறைந்தால் ஓய்வூதியமும் குறையும். எவ்வளவு என்பதை ஸ்டாஃப் ரூம் பேச்சில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். பணிப்பதிவேட்டை வைத்து அலுவலகத்தில் கணக்குப் போட்டு எழுத்தில் வாங்குங்கள். விருப்ப ஓய்வுக்கு எழுதிக்கொடுத்து, ஆணையும் வந்துவிட்டால் திரும்பி வருவது மிகக் கடினம்.

இடையில் வழிகள் உண்டு. களைப்புதான் என்றால் ஈட்டிய விடுப்பில் பதினைந்து நாள் எடுங்கள். ஹைடெக் லேப் பொறுப்பையும் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தலைமையாசிரியரிடம் பேசி அதை அந்த இளம் ஆசிரியரோடு பங்குபோட்டுக்கொள்ளுங்கள். பள்ளிக்கு ஏஐ பற்றி அரைப்பக்கத்தில் ஒரு பொதுவிதி எழுதவும் அவரிடம் கேளுங்கள்: எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது, சந்தேகம் வந்தால் முதலில் தனியாக அழைத்துப் பேசுவது, எந்தத் தளத்தின் சதவீதத்தையும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதது. அந்த விதி இருந்திருந்தால் அன்று நீங்கள் அவனை எழுப்பி நிறுத்தியிருக்கமாட்டீர்கள். ஆறு மாதம் இப்படி நடத்திப் பார்த்த பிறகும் போகவேண்டும் என்றே தோன்றினால் மறுபடி எழுதுங்கள், அப்போது வேறு விதமாக யோசிப்போம்.

கடைசியாக, அந்த நோட்டை நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன் கடைசிப் பக்கத்தைத் திறந்து, அவன் கேள்விக்குக் கீழே பதில் எழுதுங்கள். உங்களுக்குத் தெரியாதா என்ன? ஏடிஸ் தன் முட்டையைத் தண்ணீருக்குள் இடாமல், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான பக்கச்சுவரில் ஒட்டி வைக்கிறது. டயர் காய்ந்தாலும் அந்த முட்டைகள் பல மாதம் உயிரோடு இருக்கும். மழைநீர் ஏறி நனைத்ததும் பொரிந்துவிடும். ஆனால் முழுப் பதிலையும் எழுதிவிடாதீர்கள். “டயரின் உள்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தாயா? காய்ந்த ஒரு டயர்த் துண்டை லேபுக்குக் கொண்டு வா, தண்ணீர் ஊற்றிப் பார்ப்போம்” என்று எழுதி, கீழே தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள்.